உள்ளங்கைச் சீனி

நின்றபடி சோறு தின்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். வாயில் ஒரு கவளம் இருக்கும்போதே கை அடுத்ததைப் பிசைந்து தயாராக வைத்திருக்கும். கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். தொண்டையில் சிக்கியதைத் தண்ணீர் ஊற்றி உள்ளே தள்ளுவார்கள். போன வருடம் முழுக்க நானும் அப்படித்தான் தின்றேன். விடியாத நேரம் என்பதால் குசினி ஜன்னல் கண்ணாடியில் வெளியே ஒன்றும் தெரியாது, என் முகம் மட்டும் தெரியும். அந்தக் கன்னம் உப்புவதும் அடங்குவதும் எனக்கே பிடிக்காது. ஆனாலும் உட்கார்ந்து தின்ன நினைத்ததில்லை. உட்கார்ந்தால் எழும்ப வேண்டும், அதற்கும் நேரம் போகும்.

எங்கள் வீடு றொசல்லைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவோடு ஒட்டி எடுத்துக் கட்டியது. கணவர் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார், வந்தால் தூங்குவார். நான் ஹட்டனில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கவுண்டரில் இருக்கிறேன். மகள் ஒருத்திதான், ஹட்டனில் தரம் மூன்று படிக்கிறாள். காலையில் அவளை வேனில் ஏற்றிவிட்டு நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். பிள்ளை பகல் வேனில் திரும்பி வந்து, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் இருப்பாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் நாத்தனாருக்கு.

காலைப் பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மழைக்கு மூடிய ஜன்னல்கள், நனைந்த குடைகள், யாரோ ஒரு பிள்ளை வாந்தியெடுத்துக் கட்டி வைத்த பை, முந்தின நாள் எண்ணெய் தேய்த்த தலைகள் என்று எல்லாம் சேர்ந்து ஒரு புழுக்கம். “பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க” என்று கண்டக்டர் முதுகில் கைவைத்துத் தள்ளுவான். அதற்குள்ளே நின்றபடி கந்தோர் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகளுக்குப் பெருவிரலால் பதில் போடுவேன். யாருக்கும் தலைபோகிற அவசரம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் பதில் பிந்தினால் இன்னொரு செய்தி வரும்.

கந்தோரில் எனக்கு நல்ல பெயர். ஆள் வாயைத் திறந்ததுமே என்ன வேண்டுமென்று கண்டுபிடித்துவிடுவேன். நம் சனம் நேராக விஷயத்துக்கு வராது. “அம்மா, நாங்க தோட்டத்துல மேக்கணக்கு லயத்துல இருக்கோமுங்க, எங்க மூத்தவன் கொழும்புல கடையில நிக்கிறான், அவன் பொறந்தப்ப பாருங்க...” என்று தொடங்கும். “மகனுக்கு அடையாள அட்டைதானே? அடுத்த கவுண்டர்” என்று முடித்துவிடுவேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். வரிசை நகரும். மற்றவர்களின் கவுண்டரில் சனம் மதியம்வரை நிற்கும்போது என் கவுண்டர் காலியாக இருக்கும். மேலதிகாரி கூட்டத்தில் என்னைக் காட்டிப் பேசுவார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அதில் பெருமைதான்.

மகளுக்குத் திக்கல் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. சொல்லின் முதல் எழுத்தில் மாட்டிக்கொள்வாள். முகம் சிவக்கும், ஒரு கால் பெருவிரலால் தரையை அழுத்துவாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கும் பொறுமையில்லை. நாத்தனார் அந்தச் சொல்லைத் தானே முடித்துவிடுவாள். வகுப்பாசிரியை அடுத்த பிள்ளையை எழுப்பிவிடுவார். கணவர் வீடியோ அழைப்பில் வந்தால், “சரி தங்கம், சரி, அம்மாகிட்ட குடு” என்பார். கோயிலில் ஒரு பெண் வந்து, நாக்கில் வசம்பு தடவச் சொன்னாள், அதுவும் பிள்ளையின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்துவிட்டு. அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது எனக்கு. தட்டிவிடவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

பிறகு பிள்ளை தலையாட்டத் தொடங்கினாள். சோறு வேண்டுமா என்றால் ஒரு ஆட்டல், வேண்டாமென்றால் ஒரு ஆட்டல். தண்ணீர் வேண்டுமென்றால் கோப்பையைக் காட்டுவாள். வீடு அமைதியாக இருந்தது, காலையில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. எனக்கு அது வசதியாகக்கூட இருந்தது. ஒருநாள் வகுப்பாசிரியை தொலைபேசியில், “பிள்ளை இந்தத் தவணை வாயே திறக்கல்ல, உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். இப்படியே விட்டால் இவள் பேசுவதையே விட்டுவிடுவாள் என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.

லீவு போட்டு, தலவாக்கலை வழியாக நுவரெலியா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். அரை நாள் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் ஓர் இளம் சிங்களப் பெண். தெரிந்த தமிழில் பேசினார். குடிக்க ஒரு பாணி மருந்தாவது எழுதித் தருவார் என்று நினைத்தேன். அவர் பிள்ளையோடு பொம்மை வைத்து விளையாடிக்கொண்டே நான் பேசுவதைத்தான் கவனித்திருக்கிறார்.

“பிள்ளைக்கி ஒண்ணும் சொல்ல வேணாம். அம்மாதான் ஹெமின், ஹெமின், மெதுவா பேசணும். பிள்ளை சொல்லி முடிக்கும் மட்டும் அம்மா பாத்துக்கொண்டு இருக்கணும். அம்மா முடிக்கக் கூடாது.”

“மெதுவா பேசுன்னு அவகிட்ட சொல்லலாமுங்களா?”

“வேணாம். அம்மா மெதுவா. ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம், வேற வேலை இல்லாம.”

அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. வேறு வேலை இல்லாத நேரத்தை நான் எங்கே போய் வாங்குவது? திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்தப் பெண்ணை மனதுக்குள் திட்டினேன். கலியாணம் ஆகியிருக்காது, அதுதான் இப்படிப் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

இருந்தாலும் சொன்னதைச் செய்யத்தான் பார்த்தேன். செய்த விதத்தை நினைத்தால்தான் இப்போது அருவருப்பாக இருக்கிறது. போனில் அலாரம் வைத்தேன். அது அடித்ததும் பயற்றங்காய் நறுக்குவதை நிறுத்தாமலே, “ம், இப்ப பேசு சாமி. சுருக்கா சொல்லு, அம்மாவுக்கு அடுப்புல வேல இருக்கு” என்பேன். பிள்ளை என்னையும் கத்தியையும் பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள். மெதுவாக இருப்பதற்கும், தோட்டத்தில் காலையில் வேலையாட்களைக் கூட்டி மணியடித்துப் பெரட்டுக் கலைக்கிற மாதிரி ஒரு நேரம். அலாரம் ஓய்ந்ததும் இன்றைய கடமை முடிந்தது என்று நானும் பயற்றங்காயோடு போய்விடுவேன்.

அந்த வாரத்தில்தான் கந்தோரில் எங்களுக்கு நேர முகாமைத்துவம் பற்றி ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். பேச வந்தவர் கொழும்பிலிருந்து பிந்தித்தான் வந்தார். பாதை வளைவுகளைக் குறை சொன்னார். ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்னார், உணவை நன்றாக மென்று சாப்பிடச் சொன்னார், பெண்கள் எல்லோரும் காலையில் ஒரு மணித்தியாலம் முன்னதாக எழும்பினால் அந்த நேரம் நமக்கே நமக்கு என்றார். நாங்கள் எழும்புகிற நேரத்துக்கு முன்னால் பேய்தான் எழும்பும் என்று பக்கத்தில் இருந்தவள் முணுமுணுத்தாள். இடைவேளையில் ரோல்ஸ் கொடுத்தார்கள். மென்று சாப்பிடச் சொன்னவர் இரண்டை ஒன்றாக வாயில் திணித்துக்கொண்டு, எண்ணெய்க் கையால் போனை எடுத்துக் காதில் வைத்தார். அந்தக் காது மினுங்கியதைப் பார்த்ததும் கையிலிருந்த ரோல்ஸை அப்படியே வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் பிள்ளையின் காலுறைகள். வெள்ளைக் காலுறை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வாரத்தில் பல நாள் கணுக்காலுக்கு மேலே இரத்தம் கட்டியிருக்கும். அட்டைக் கடி. ஒருநாள் கழற்றிய காலுறைக்குள் இரத்தம் குடித்து உருண்டிருந்த அட்டை ஒன்று விரலில் பட்டது. வீசியடித்துவிட்டுக் கத்தினேன். பிள்ளை மடுவத்தில் நாத்தனாரைக் கேட்டால், “ஸ்கூலு விட்டு வந்தா தேயிலைக்குள்ள பூந்து வெளையாடிட்டுத்தான் வருது. நான் இந்தப் பச்சப் புள்ளைகளப் பாப்பேனா, இவள முடிஞ்சி வச்சிக்குவேனா?” என்றாள். சரி, விளையாட்டுத்தான் என்று நானும் எடுத்துக்கொண்டேன். உப்பு வைத்துத் தேய்த்தும் கறை போகாத எரிச்சலில் பிள்ளையைத்தான் திட்டினேன்.

அப்படித் திட்டுகிற ஒவ்வொரு முறையும் அவள் ஏதோ சொல்ல வந்தாள். “ம்மா, வே... வே... வேன்ல...” என்று தொடங்குவாள். கவுண்டர்க்காரிக்கு அதற்கு மேல் தேவையா? “வேன்ல வாந்தி வருதா? சன்னல் பக்கம் உக்காரு” என்று ஒருநாள். “வேன்ல அந்தப் பொம்பளப் புள்ள கிள்ளுறாளா? நீயும் திருப்பிக் கிள்ளு” என்று இன்னொரு நாள். “வேன்ல தண்ணிப் போத்தல விட்டுட்டு வந்துட்டியா?” என்று மற்றொரு நாள். ஒவ்வொரு முறையும் அவள் வாயை மூடிக்கொள்வாள். நான் முடித்துக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு பழக்கமும் அவளிடம் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. பிள்ளை மடுவத்தில் அத்தையோடு இருந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, பால் கலக்காத சாயத் தண்ணி குடிக்கப் பழகியிருந்தாள். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் குடிப்பார்கள். சீனியைத் தேத்தண்ணியில் கலக்காமல் ஒரு கையில் கொட்டிக்கொண்டு, மறு கையில் கோப்பை. ஒரு நக்கு, ஒரு மடக்கு. என் அம்மாவும் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து அப்படித்தான் குடித்தாள். பிசுபிசுத்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் தலையைத் தடவுவாள். ஹட்டனில் படிக்கப் போன நாளிலிருந்து எனக்கு அது ஆகாது. கலக்கிக் குடித்தால் ஒரே மடக்கில் முடிகிற காரியத்தை நாய் நக்குகிற மாதிரி நக்கிக்கொண்டிருப்பார்களா? என் வீட்டில் தேத்தண்ணி சீனி கலந்துதான் இருக்க வேண்டும், அதுவும் ஆறவைத்து, குடித்துவிட்டு ஓடுவதற்குத் தோதாக.

அன்றைக்கு மழை விடாமல் பெய்தது. நான் வந்து சேர்ந்தபோது கரண்ட் போயிருந்தது. பால்மா முடிந்திருந்தது. அடுப்பை மூட்டிச் சாயத் தண்ணி வடித்தேன். கோப்பையை எடுத்துக்கொண்டு சீனிப் போத்தலுக்குக் கைநீட்டுவதற்குள் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். என் நீட்டிய கையை விரித்துப் பிடித்து, உள்ளங்கையில் சீனியைக் கொட்டினாள். தன் கையிலும் கொட்டிக்கொண்டாள். “இது என்னா பழக்கம்?” என்று கேட்க வாயெடுத்தேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாள். சரி, ஒரு தடவை என்று வாசற்படிக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் நான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. ஒரு கையில் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி. மறு கையில் சீனி. கையை மூடினால் சீனி வியர்வையில் கட்டியாகும், கவிழ்த்தால் கொட்டும். சுவர்த் தட்டில் இருந்த போன் மினுங்கியது, முனகியது, மறுபடியும் முனகியது. கந்தோர்க் குழுதான். எடுக்கக் கையில்லை. அடுப்பில் அரிசி இன்னும் வைக்கவில்லை, அதற்கும் கையில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பியிருக்கலாம். அது சூடாக இருந்தது, பிள்ளை வேறு என் முழங்காலில் சாய்ந்துகொண்டிருந்தாள். ஒரு நக்கு நக்கி, ஒரு மடக்குக் குடித்தேன். நாக்கில் கரகரத்தது. அந்தக் கரகரப்பும் எனக்குப் பிடிக்கவில்லைதான்.

“ம்மா,” என்றாள். “வே... வே... வே...”

வாந்தி என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. வாயில் தேத்தண்ணி இருந்ததால் வெளியே வரவில்லை. விழுங்கினேன். விழுங்கிவிட்டு அவளைப் பார்த்தேன். கால் பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மழை தகரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் மறுபடி சீனியை நக்கினேன், ஏனென்றால் வாயை வேறு எதிலாவது வைத்திருக்க வேண்டியிருந்தது.

“வே... வேன் மாமா என்னைய பா... பாலத்துக்கிட்ட எறக்கி விடுறாங்க. மே... மேல ஏறித் திருப்ப நேரமில்லையாம். நா... நான் தேயிலைக்குள்ள ஏறி வாரேன். அ... அட்ட ஏறுது.”

நான் அவளையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் ஒரு மடக்குக் குடித்தாள். அவசரமே படவில்லை.

“அங்க கு... குளவிக்கூடு இருக்கு ம்மா. பெ... பெரிசு. ஓ... ஓடுனா கொட்டும்னு அத்த சொல்லிருக்காங்க. அதனால நான் மெ... மெதுவா வாரேன். மூச்ச புடிச்சிக்கிட்டு வாரேன்.”

தேயிலை மலையில் குளவி என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொட்டு வாங்கிய பெண்களைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வீங்கிய முகத்தில் கண் இருக்கும் இடம் தெரியாது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து என் பிள்ளை பகல்தோறும் அதன் கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தனியாக நடந்து வந்திருக்கிறாள். நான் அந்த நேரத்தில் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் வாக்கியங்களை முடித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சீனி உருகிப் பாகாகி விரலிடுக்கில் வழிந்தது. எனக்கு அந்த வேன்காரன்மேல் அருவருப்பாக இருந்தது, நாத்தனார்மேல் இருந்தது, எல்லோரையும்விட என்மேல்தான் அதிகமாக இருந்தது. இரத்தம் கட்டிய காலுறையை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அவளையே திட்டிய வாய் இது.

மறுநாள் காலையில் வேன் வழக்கம்போல் மேலே, பிள்ளை மடுவத்து முனைக்கே வந்தது. காலையில் தாய்மார் நிற்பார்கள் அல்லவா, அதனால் காலையில் மட்டும் ஏற நேரம் இருக்கும். பகலில் பார்க்க ஆளில்லை. வேன்காரர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு டொபி கொடுப்பார். என்னைக் கண்டதும், “அக்கா, ஏத்துங்க ஏத்துங்க, நேரமாச்சு” என்றார்.

“பகல்ல இவள எங்க எறக்குறீங்க?”

அவர் முகம் கொஞ்சம் மாறியது. “ரோட்டு நெலம தெரியுந்தானேக்கா. மேல வந்து திருப்பிட்டுப் போறதுக்குள்ள அடுத்த ஸ்கூலு விட்டுரும். நேரமே இல்ல. புள்ளையும் ஒண்ணும் சொல்லலியே.”

“இப்ப சொல்லுவா. இஞ்சின நிப்பாட்டுங்க.”

“அக்கா, பெல்லு அடிச்சிரும்...”

“நிப்பாட்டுங்க.”

நிறுத்தினார். வேனுக்குள் பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்று ஹோர்ன் அடித்தது. கீழே ரோட்டில் என் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. நான் பிள்ளையின் பக்கம் திரும்பினேன். அவள் முகம் சிவந்திருந்தது. சப்பாத்துக்குள் பெருவிரல் அழுத்துவதும் தெரிந்தது.

“வே... வே...”

“மேலயே எறக்கி விடணும், அதானே? சரிம்மா, சரி, எறக்கி விடுறேன்” என்றார் அவர்.

“நீங்க சொல்லாதீங்க,” என்றேன். “அவ சொல்லட்டும்.”

ஆட்டோ மறுபடி ஹோர்ன் அடித்தது. வேனில் யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. என் பஸ் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

“வே... வேன் மாமா, என்னைய பா... பாலத்துக்கிட்ட எறக்காதீங்க. அங்க கு... குளவி இருக்கு. இங்... இங்கதான் எறக்கி விடணும்.”

வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டு, “சரி சாமி” என்றார். பிறகு நிமிர்ந்து சாவியில் கைவைத்தார். பிள்ளை ஏறவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இ... இன்னும் இருக்கு,” என்றாள்.

நான் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன்.